தவிட்டுக்கு வாங்கிய பெயர்கள்

34 ஆண்டுகள் நான் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் முக்கால் பங்குக் காலம் கவுண்டருக்குப் பின்னால் கழிந்தது. பணம் எடுக்க வருபவரிடம் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு, லெட்ஜரில் கணக்கைச் சரிபார்த்து முடித்ததும் டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதுதான் அந்நாளைய முறை. ஆனால் எண் படிக்கத் தெரியாதவர்கள் பாதிப்பேர் காத்திருக்கும் ஊர்களில் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்ட பெயர்களுக்கு நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முகங்கள் பெரும்பாலும் மறந்துவிட்டன, பெயர்கள் மறக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, காலையில் நடக்கப் போகும்போதும் மதியம் கண்ணயரும்போதும் அவை ஒவ்வொன்றாக நினைவில் எழுகின்றன. அவற்றுள் சிலவற்றைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எழுதப் போவதில்லை.

எழுதத் தூண்டியது செல்பேசியில் அவ்வப்போது வந்து சேரும் ஒரு வகைப் பட்டியல். வாக்காளர் பட்டியலிலிருந்து பொறுக்கிய பெயர்களை வரிசையாக அடுக்கி, கீழே சிரிக்கும் பொம்மைகளைப் போட்டு அனுப்புகிறார்கள். குப்பை, பிச்சை, மூக்கன், மாசானம், வியாகுலம், போதும்பொண்ணு, வேண்டாம் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கின்றன. இவை ஒரே பட்டியலில் சேரக்கூடிய பெயர்கள் அல்ல. இவற்றுள் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு என்பது, அந்தப் பெயர்களை உடையவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போன முதல் வாரத்தில் ஒரு சீட்டில் ‘தஸ்நேவிஸ்’ என்று எழுதியிருந்தது. நான் அம்பாசமுத்திரத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த ஆள். அப்படியொரு பெயரை அதுவரை கேட்டதில்லை. எழுதியவர் தவறாக எழுதிவிட்டார் என்று நினைத்து, ‘தாஸ்நேசன்’ என்று நானாகவே திருத்திக் கூப்பிட்டேன். யாரும் எழுந்து வரவில்லை. மூன்றாவது முறை கூப்பிட்டபோது, கடல் வெயிலில் கறுத்த உடம்போடு ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்து, “தஸ்நேவிஸ்னு சொல்லுங்க. அது எங்க மாதா பேரு” என்று கோபமே இல்லாமல் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரியான பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் பணத்தைக் கொடுத்தேன்.

அந்தப் பெயரின் பொருளை அன்று மாலையே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். போர்த்துகீசிய மொழியில் அதற்கு ‘பனிகளின்’ என்று பொருள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கத்தோலிக்கத்தைத் தழுவியபோது, ஞானஸ்நானத்தோடு போர்த்துகீசியப் பெயர்களும் அந்தக் கரைக்கு வந்தன. தூத்துக்குடியின் பனிமய மாதா கோயில் 1713இல் எழுந்தது. 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் அங்கே திருவிழா. ரோமாபுரியில் 4ஆம் நூற்றாண்டில், ஆகஸ்டு மாதத்து நடுக்கோடையில் ஒரு குன்றின்மேல் பனி பெய்ததாகவும், அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டியதாகவும் ஒரு மரபுக்கதை உண்டு. அந்தப் பனி கப்பலேறி வந்து, உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும் ஓர் ஊரில், வாழ்நாளில் பனிப்பொழிவையே பார்த்திராத ஆண்களுக்குத் தஸ்நேவிஸ் என்றும் பெண்களுக்குப் பனிமயம் என்றும் பெயராகி நிற்கிறது. மூன்று மாதத்துக்குள் அந்தப் பெயர் முருகன், கணேசன் போல என் வாயில் பழகிவிட்டது. ஒரு பெயர் வினோதமாகத் தோன்றுவது அது தன் கோயிலையும் தன் சனத்தையும் விட்டுத் தள்ளி வந்து நிற்கும்போதுதான் என்பதை நான் அந்த ஊரில்தான் கற்றேன்.

அங்கேதான் சவரிமுத்தும் சூசையும் சந்தியாகுவும் இன்னாசியும் எனக்கு அறிமுகமானார்கள். சேவியர் சவரியானதும், ஜோசப்பின் போர்த்துகீசிய வடிவம் சூசையானதும், யாக்கோபுக்கு ஸ்பெயின் நாட்டில் வழங்கிய சந்தியாகு என்ற பெயர் அப்படியே இங்கே தங்கியதும் காதுவழி வந்த மாற்றங்கள். அதைவிட எனக்குப் பிடித்தவை பொருள்வழி வந்த மாற்றங்கள். பவுல் என்ற பெயருக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள். ஆகவே அவர் சின்னப்பர் ஆனார், அவர் பெயரைப் பெற்ற பிள்ளைகள் சின்னப்பன் ஆனார்கள். 1745இல் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டப் பிள்ளைக்கு லாசரு என்ற பெயரைக் கடவுளின் உதவி என்ற பொருளில் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். 2022 மே 15இல் வத்திக்கானில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தப் பெயர்களை அந்நியப் பெயர்கள் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பொருளைத் தேடிப் பிடித்துத் தமிழில் வைத்த பெயரைவிடத் தமிழான பெயர் எது?

ஆனால் வியாகுலம் என்ற பெயர் முதலில் என்னைத் தடுமாற வைத்தது. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கணக்குத் தொடங்க வந்த இளம்பெண் அவள். துயரம் என்று ஒரு பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பார்களா என்ற கேள்வி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். “மாதாவுக்கு ஏழு வியாகுலம்ல, அதுலதான் எங்கம்மா நேர்ந்துக்கிட்டாங்க” என்று அவளே சொன்னாள். மகனைப் பறிகொடுத்த தாயின் துயரத்தைத் தன் மகளின் பெயரில் ஏற்றிவைத்து, என் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்ட ஒரு தாயின் வேண்டுதல் அது. ஸ்பானிய மொழியில் டோலரஸ் என்ற பெண்பெயருக்கும் துயரங்கள் என்றுதான் பொருள். அதைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உசிலம்பட்டியில் இரண்டே ஆண்டுகள்தான் இருந்தேன். அங்கே ஒச்சம்மாள்களும் ஒச்சுகளும் விருமாயிகளும் பேயம்மாள்களும் லெட்ஜரின் பக்கங்களை நிறைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த இளைய அலுவலர் ஒருவர் ஒச்சம்மாள் என்பதை எச்சம்மாள் என்று திருத்த முயன்று, வரிசையில் நின்ற மொத்தப் பேரின் கண்டிப்புக்கும் ஆளானார். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலில் மாசி மாதத்துச் சிவராத்திரிக்குக் கூடும் கூட்டத்தை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் பெயரில் திருத்த ஒன்றுமில்லை என்று விளங்கிவிடும்.

என் சொந்த ஊர்ப் பக்கத்துப் பெயர்களைப் பற்றி நான் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவற்றோடுதான் நான் வளர்ந்தேன். சொரிமுத்து, பலவேசம், மாசானம், முப்பிடாதி, இசக்கி, வண்டிமலையான். காரையாற்றில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று மாவட்டமே திரண்டு போய்க் குடில் போட்டுத் தங்கும். சொரிதல் என்றால் பொழிதல். முத்தைப் பொழிந்த சாமி அவர். அந்தப் பெயரைக் கேட்டதும் தோல் நோயை நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் சென்னைக்குப் பயிற்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது. மாசானம் என்பது மயானந்தான். சுடலைமாடன் காவல் நிற்கும் இடத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால், அந்தக் காவல் பிள்ளைக்கும் சேரும் என்று நம்பியவர்கள் வைத்த பெயர் அது.

எங்கள் பக்கத்தில் பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். முதல் பேரனுக்குத் தாத்தாவின் பெயர், முதல் பேத்திக்கு ஆச்சியின் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது. பெயரைச் சுமப்பவன் என்று பொருள். இதில் ஒரு சங்கடமும் உண்டு. கணவர் பெயரையும் மாமனார் பெயரையும் பெண்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆகவே மாமனார் பெயரைப் பெற்ற தன் மூத்த மகனை ஒரு தாய் வாழ்நாள் முழுவதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கவே மாட்டாள். ‘ராசா’, ‘பெரியவன்’, ‘ஐயா’ என்று வேறு சொற்களில்தான் கூப்பிட்டிருப்பாள். வாரிசு நியமனப் படிவத்தை நிரப்பும்போது, “வீட்டுக்காரர் பேரு என்ன ஆச்சி?” என்று கேட்டால் பதில் வராது. சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் காட்டி, “அந்தா இருக்காரே, அவுகதான்” என்பார்கள். நாட்காட்டியில் முருகன் இருப்பார். முருகனா, சுப்பிரமணியனா, வேலாயுதமா, செந்திலா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு ஆச்சி ஒரு கையில் ஐந்து விரலையும் மறு கையில் ஒரு விரலையும் காட்டி, பிறகு தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். ஆறுமுகம் என்று எழுதிக்கொண்டேன். அவர் முகத்தில் வந்த நிம்மதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கணவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெயரை அவர் சொல்லத் துணியவில்லை.

மன்னார்குடியில் வேலை பார்த்த காலத்தில் வேறு வகைப் பெயர்களைக் கண்டேன். கீழத்தஞ்சையின் செங்கொடி இயக்கமும் பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் கைகோத்து நடந்த மண் அது. லெனின், ஸ்டாலின், மார்க்ஸ் என்ற பெயர்களில் வயல்வேலை செய்பவர்கள் பயிர்க்கடனுக்கு வந்து நின்றார்கள். 1953 மார்ச் 1ஆம் நாள் பிறந்த மு. க. ஸ்டாலினுக்கு, அதே வாரத்தில் மார்ச் 5ஆம் நாள் மறைந்த சோவியத்து தலைவரின் பெயரை வைத்த செய்தி எல்லோரும் அறிந்தது. அந்த ஆண்டு அந்தப் பெயரைப் பெற்ற பிள்ளை அவர் ஒருவர் மட்டுமல்லர். ஓர் அண்ணனும் தங்கையும் சேர்ந்து கணக்கு வைத்திருந்தார்கள். அண்ணன் பெயர் ககாரின், தங்கை பெயர் வாலண்டினா. பிறந்த ஆண்டுகளைப் பார்த்தேன்: 1961, 1963. யூரி ககாரின் விண்வெளிக்குப் போனது 1961 ஏப்ரலில். முதல் பெண்ணாக வாலண்டினா தெரஷ்கோவா போனது 1963 ஜூனில். அவர்களுடைய தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாதவர். டீக்கடையில் யாரோ நாளிதழை வாசிக்கக் கேட்டு வைத்த பெயர்கள் அவை. குடிசை வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு, பூமியைச் சுற்றி வந்த ஒரு பெண்ணின் பெயரைத் தேடி வைத்த அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் வணங்கியிருப்பேன்.

இதே மண்ணில் தம் பெயரைத் தாமே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. வேதாசலம் மறைமலை ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் பெரிய வரலாறு. சாதாரண மக்களுக்கு அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் செய்துவைத்தவர் பள்ளிக்கூடத்து வாத்தியார். கருப்பாயியைக் கலாவதி என்றும் சுடலையாண்டியைச் சுந்தரம் என்றும் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதி, பிறந்த தேதியை ஜூன் 1 என்று அவரே போட்டுவிடுவார். நல்ல எண்ணத்தில் செய்தவர்கள் பலர். ஆனால் அதன் பின்விளைவை நான் கவுண்டரில் பார்த்தேன். ஊரார் அறிந்த பெயர் ஒன்று, சான்றிதழில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று, ஆதாரில் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த சிதைந்த பெயர் ஒன்று. கணவர் விட்டுச்சென்ற சிறு தொகையைப் பெறுவதற்கு, நான்கு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கிவரச் சொல்லி ஒரு மூதாட்டியை நானே மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதி அப்படி இருந்தது. இருந்தாலும் அந்தப் பாவம் எனக்கு உண்டு.

இனி என் வீட்டுக்கு வருகிறேன். என் தகப்பனார் பெயர் மூக்கையா.

ஆறாம் வகுப்பில் புதிய பள்ளியில் சேர்ந்த அன்று, தகப்பனார் பெயரை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். வகுப்பு சிரித்தது. அன்று மாலை அப்பா விக்கிரமசிங்கபுரத்து நூற்பாலையிலிருந்து தலைமுடியில் பஞ்சோடு சைக்கிளில் வந்து இறங்கியபோது, நான் அவரிடம் பேசவில்லை. காரணத்தை ஆச்சிதான் என்னிடமிருந்து பிடுங்கிக் கேட்டாள். கேட்டுவிட்டு, அவள் பெற்ற பிள்ளைகளின் கதையை எனக்கு முதல் முறையாகச் சொன்னாள்.

ஆச்சிக்கு முதல் மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ‘தங்கவில்லை’ என்றுதான் சொல்வார்கள். செத்துப்போனது என்று பிள்ளையைச் சொல்ல மாட்டார்கள். ஒன்று பிறந்த எட்டாம் நாள், ஒன்று பேதியில், ஒன்று பல் முளைக்கிற பருவத்தில் காய்ச்சல் கண்டு. நான்காவதாக 1934இல் அப்பா பிறந்தார். குழந்தையை முறத்தில் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். முன்னமே சொல்லிவைத்தபடி பக்கத்து வீட்டுப் பெண் வந்து, ‘யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை’ என்று எடுத்துக்கொண்டாள். ஆச்சி ஒரு படி தவிட்டைக் கொடுத்து அந்தப் பிள்ளையை அவளிடமிருந்து வாங்கினாள். பிறகு ஆசாரியை வரவழைத்து, குழந்தையின் வலது மூக்கில் துளையிட்டு, நூல் போன்ற தங்கக் கம்பியை வளைத்துப் போட்டார்கள். மூக்கு குத்தியதால் மூக்கையா. எமனுக்கு இது பிள்ளையென்று தெரியக் கூடாது. தெரிந்தாலும், பழுதுபட்ட பிள்ளை, அடுத்தவள் குப்பையில் கிடந்து எடுத்த பிள்ளை, தவிட்டு விலைகூடப் பெறாத பிள்ளை என்று அவன் விட்டுவிட்டுப் போக வேண்டும். மூன்று முறை ஏமாந்த ஒரு தாய் நான்காவது முறை சாவை ஏமாற்றுவதற்குச் செய்த ஏற்பாடு அது.

“உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்” என்று பெரியவர்கள் பிள்ளைகளைச் சீண்டுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம், அழுதும் இருக்கிறோம். அது வெறும் சீண்டல் இல்லை, ஒரு காலத்தில் உண்மையாகவே நடந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

குப்பன், குப்பம்மாள், குப்புசாமி, தவிடன், மூக்கன், மூக்கம்மாள், மூக்காயி என்ற பெயர்கள் எல்லாம் இந்த வாசல் வழியாக வந்தவை. பிச்சை என்ற பெயருக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வசதியுள்ள குடும்பத்துப் பெண்ணும் மடியேந்தி ஏழு வீட்டில் பிச்சையெடுத்து, அந்த அரிசியை ஆக்கிச் சாமிக்குப் படைப்பாள். பிறந்த பிள்ளை அந்தச் சாமி போட்ட பிச்சை. பிச்சையா, பிச்சையம்மாள், பிச்சைமுத்து, பிச்சைக்கனி என்று இந்துக்களும் கிறித்தவர்களும் இசுலாமியர்களும் இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். மூன்று சமயத்துப் பிச்சைகளும் ஒரே நாளில் என் கவுண்டரில் நின்றிருக்கிறார்கள். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை கூகுளின் தலைமைக்கு வந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. பெயர் பழைய பெயர்தான்.

ஆகவேதான் அந்தப் பட்டியலில் குப்பைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்ற பெயரைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. குப்பை என்று பெயர் வைத்தவர்கள் அந்தப் பிள்ளை வேண்டும் என்று துடித்தவர்கள். வேண்டும் என்பதை வெளியே காட்டப் பயந்தவர்கள். வேண்டாம் என்று வைத்தவர்கள் சொன்னதையே நினைத்தவர்கள். அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீட்டில், அடுத்தது ஆணாக வேண்டும் என்பதற்காக, கடைசிப் பெண்ணின் பெயரையே சாமிக்கு எழுதிய விண்ணப்பமாக்கியவர்கள். போதும்பொண்ணு, போதுமணி என்பவையும் அந்த விண்ணப்பங்கள்தாம். சம்பூர்ணம், மங்களம் என்று கடைசிப் பெண்ணுக்குப் பெயர் வைத்த வீடுகளும் பல. நிறைந்துவிட்டது, மங்களம் பாடி முடித்தாயிற்று என்று அவையும் சொல்கின்றன. வடமொழியில் சொன்னதால் அவை கௌரவமான பெயர்களாகிவிட்டன. தமிழில் சொன்ன போதும்பொண்ணு மட்டும் சிரிப்புக்கு ஆளாகிறாள். மராட்டியத்தில் வேண்டாம் என்ற பெயருக்கு நக்கூசா என்று சொல். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் சூட்டப்பட்டிருந்த 285 சிறுமிகளை அழைத்து, விழா நடத்தி, அவர்கள் விரும்பிய புதுப்பெயரை அரசே வைத்தது.

கடைசியாக நான் வேலை பார்த்த கிளை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. கல்விக்கடனுக்காக ஒரு மாணவி வந்தாள். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விண்ணப்பத்தை நீட்டும்போதே, “பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, டோக்கன் நம்பர் சொல்லுங்க போதும்” என்றாள். விண்ணப்பத்தைப் பார்த்தேன். மூன்று அக்காள்களின் பெயர்களும் அழகான பெயர்கள். இவள் பெயர் அந்த ஒரு சொல். “எங்க ஆயா வெச்சாங்க. அம்மா வேணாம்னுதான் சொன்னாங்களாம்” என்று அவள் தாயை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். பெயரை முழுமையாக, சரியாக, உரக்கச் சொல்ல வேண்டும் என்பது தூத்துக்குடிப் பெரியவரிடம் கற்ற நாளிலிருந்து நான் கைவிடாத பழக்கம். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் நான் ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து, அரசிதழில் வெளியான பெயர் மாற்ற அறிவிப்பின் நகலோடு அவள் வந்தாள். இன்ன பெயருடைய நான் இனிமேல் இன்ன பெயரில் அறியப்படுவேன் என்ற இரண்டு வரிகள். கணக்கில் திருத்தி முடித்ததும், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தும், டோக்கன் எண் திரையில் எரிந்துகொண்டிருந்தும், நான் எழுந்து நின்று அவளுடைய புதுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து கவுண்டர் வரைக்கும் அவள் நடந்து வந்த நடையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அப்பா தம் 81ஆம் வயதில் படுக்கையில் விழுந்தார். அவருக்கு நான்தான் முகம் மழித்துவிடுவேன். அதுவரை நான் கவனித்ததே இல்லை: வலது மூக்கின் மடலில், சுருக்கங்களுக்கு நடுவில், கடுகளவு பள்ளம் ஒன்று இருந்தது. சோப்பு நுரை அதில் மட்டும் தங்கி நின்றது. விரலால் தொட்டேன். அப்பா கண்ணைத் திறக்காமலே, “ஆச்சி குத்தினது” என்றார்.

என் மகளுக்குப் பிரசவமானபோது, பேரனுக்கு அப்பாவின் பெயரை வைக்கலாமா என்று அவளே கேட்டாள். எங்கள் வழக்கப்படி கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். 1971இல் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. ஆச்சியின் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2020ஆம் ஆண்டுக் கணக்கில் தமிழ்நாட்டில் அந்த எண் 13. என் மகள் ஊசி போட வேண்டிய தேதிகளை அட்டையில் குறித்து வைத்திருந்தாள். எமனுக்குப் பயந்து பிள்ளையை ஒளித்துவைக்கும் நிலையில் அவள் இல்லை. பிள்ளைக்குத் தனக்குப் பிடித்த பெயரை வைத்தாள். எனக்கும் பிடித்திருக்கிறது.

ஆச்சியின் மரப்பெட்டியில் சுருக்குப்பைக்குள் இருந்த அந்தத் தங்க வளையம் இப்போது என்னிடம் இருக்கிறது. அப்பாவுக்கு ஐந்து வயது நிறைந்ததும் கழற்றியதாம். எங்கள் கிளைக்கு வந்துபோகும் நகை மதிப்பீட்டாளரிடம் ஒருநாள் காட்டினேன். தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அரை கிராமுக்கும் குறைவு, அழித்தால் ஒன்றும் தேறாது என்றார். நான் அதை அழிக்கவில்லை. என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத வளையம் அது. பருத்தித் துணியில் சுற்றி, அப்பாவின் ஆலை அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன். அட்டையில் பெயர் மூக்கையா என்று மை மங்காமல் இருக்கிறது.